சம்பந்தியின் காது

ஹெட்ஃபோன் வாங்கப் போகும்போது மாமாவும் கூட வரட்டும் என்று மகன் சொன்னான். அதைக் கேட்டதுமே பாம்புக்காதருக்கு முகம் சுண்டிவிட்டது.

"அவர் எதுக்கு?"

"சும்மா துணைக்குத்தான்பா. ஞாயித்துக்கிழமை அவரும் வீட்டுல சும்மாதானே இருக்கார்."

மாமா என்று அவன் சொன்னது தன் மாமனாரை. மில்லில் ஜெனரேட்டர் அறையை முப்பத்தொரு வருடம் பார்த்துக்கொண்டவர். ஃபோர்மேன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். இரண்டு தெரு தள்ளி வீடு. நல்ல மனிதர்தான். பாம்புக்காதருக்கு அதுதான் பெரிய தொந்தரவு. குறை சொல்ல ஒரு மூலை கிடைக்கவில்லை.

பாம்புக்காதர் என்பது தொழிலிடத்தில் வந்த பெயர். முப்பத்தெட்டு வருடம் ஒலிப்பதிவுக் கூடத்தில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவர். பத்து வயலின் ஒன்றாக வாசிக்கும்போது எந்த நாற்காலியில் சுருதி ஒரு மயிரிழை இறங்கியிருக்கிறது என்று விரலை நீட்டிக் காட்டுவார். ஒருமுறை, யாருக்கும் கேட்காத ஓர் இரைச்சலுக்காக ஒரு நாள் வேலை முழுவதையும் அழித்துவிட்டுத் திரும்பச் செய்யவைத்தார். முதலாளி கத்தித் தீர்த்தார். பிறகு இரைச்சல் இருந்த கம்பியைக் கண்டுபிடித்ததும் வாயை மூடிக்கொண்டார். ஓய்வுபெற்று ஏழு வருடம் ஆகியும் உறவில் யார் ரேடியோ வாங்கினாலும், டிவி வாங்கினாலும் அவரைக் கேட்டுத்தான் வாங்குவார்கள். அந்த வீட்டுக்கு நிலம் நீச்சு கிடையாது, பதவி பவிசு கிடையாது. அவர் காதும், காதைப் பற்றி அவர் சொல்லும் வார்த்தையும்தான் வீட்டின் மரியாதை. அதை அவர் இஸ்திரி போட்ட சட்டையைப்போலக் கசங்காமல் வைத்திருந்தார்.

இப்போது அந்தக் காதுக்கே ஒரு புகார் வந்திருந்தது. அவர் பாட்டுப் போடும் சத்தத்தில் பிள்ளைகளின் பரீட்சைத்தாள் திருத்த முடியவில்லை என்று சுவருக்கு அந்தப் பக்கத்து ஆசிரியை குடியிருப்போர் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். சங்கத்துச் செயலாளர் கடிதத்தை நேரில் கொண்டுவந்து, வாசற்படியிலேயே நின்று, செருப்பைக்கூடக் கழற்றாமல் கொடுத்துவிட்டுப் போனார்.

"இலவசமாத் தெருவுக்கே கச்சேரி வைக்கிறீங்க. நன்றியில்லாத ஜனங்க" என்றாள் மனைவி. அவள் யார் பக்கம் என்று எப்போதுமே கண்டுபிடிக்க முடியாது.

மகன்தான் வழி சொன்னான். காதை முழுக்க மூடுகிற, வெளிப்பக்கம் அடைத்த கிண்ணம் வைத்த ஹெட்ஃபோன். உயர்ந்த ரகமாக ஒன்று வாங்கிவிட்டால் எவ்வளவு சத்தமாக வைத்தாலும் வெளியே கசியாது. "நானே வாங்கித் தர்றேன்பா. எதுன்னு நீங்க சொல்லுங்க, போதும்" என்றான். அந்தக் கடைசி வரி அவர் மனதுக்கு இதமாக இருந்தது. சங்கக் கடிதத்தைக்கூட மறந்துவிட்டார். அப்புறம்தான் மாமா வந்து சேர்ந்தார்.

மகன் மாமனாரோடு இழைவது பாம்புக்காதருக்கு இரண்டு வருடமாக உள்ளே அறுத்துக்கொண்டிருந்த சங்கதி. சமையலறைக் குழாய் ஒழுகினால் அவன் முதலில் கூப்பிடுவது மாமாவை. ஞாயிறு காலையில் இரண்டு பேரும் மாமா வீட்டு வாசலில் ஸ்கூட்டரைப் பிரித்துப்போட்டுக்கொண்டு, கையெல்லாம் கறுப்பாக, எதற்கோ சிரிப்பார்கள். ஒருநாள் அந்த வழியாகப் போனவர் அதைப் பார்த்துவிட்டார். வயிற்றிலிருந்து வருகிற சிரிப்பு. அப்பாவின் முன்னால் அவன் அப்படிச் சிரித்ததில்லை. அப்பா முன்னால் உட்கார்ந்தால் அவன் முதுகு நேராகிவிடும். அப்படி வளர்த்தது தாம்தான் என்று அவருக்குத் தெரியும். தெரிந்ததனால் ஆத்திரம் குறையவில்லை.

கடை ஒரு மாடியில் இருந்தது. கேட்டுப் பார்க்கும் அறைக்கு முன்கூட்டியே நேரம் வாங்க வேண்டும். சுவரெல்லாம் துணி ஒட்டிய அறை. தரையில் கால் புதைகிற விரிப்பு, நடுவில் ஒரு சாய்வு நாற்காலி, ஓரத்தில் இரண்டு மர நாற்காலிகள். பாம்புக்காதர் யாரும் சொல்லாமலே சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார். தம் வீட்டுக்கு வந்ததுபோல இருந்தது. ஃபோர்மேன் செருப்பை வெளியே விடவேண்டுமா, வேண்டாமா என்று கடைப்பெண்ணிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அதைப் பார்த்து இவருக்கு உள்ளூர ஒரு குளுமை.

கடைப்பெண் மூன்று பெட்டிகளைத் திறந்து வைத்தாள். ஒன்றில் கிண்ணங்கள் மெருகேற்றிய மரம். இரண்டாவது கறுப்பு உலோகம், தடித்த மெத்தை. மூன்றாவது பிளாஸ்டிக், எடையே இல்லை, விலையும் மற்றவற்றில் பாதி. பாம்புக்காதர் தாம் கொண்டுவந்திருந்த பதிவை அவளிடம் கொடுத்தார். முப்பது வருடத்துக்கு முன் அவரே பதிவு செய்தது. ஒரு பெண் குரல், ஒரு வயலின், வேறு எதுவும் இல்லை. "இதுல ஒளிஞ்சுக்க இடமே கிடையாது. நல்ல ஹெட்ஃபோனா இல்லையான்னு ஒரு நிமிஷத்துல சொல்லிடும்" என்று அறைக்குப் பொதுவாக அறிவித்தார்.

பிளாஸ்டிக்கை அரை நிமிடத்தில் கழற்றினார். கறுப்பை இரண்டு நிமிடம் வைத்திருந்தார். போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல இருக்கிறது என்றார். மரக்கிண்ணத்தை மாட்டியதும் முகம் மாறிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டார். வயலினில் வில் தொடுகிற இடம் தெரிந்தது. பாடகியின் பல்லிடுக்கில் காற்று பிரிவது தெரிந்தது. எத்தனையோ வருடமாகப் பாட்டிலிருந்து எங்கேயோ போயிருந்த ஒளி திரும்ப வந்ததுபோல இருந்தது. "இதுதான். வேற பார்க்கவேண்டாம்" என்றார்.

மகன் வாங்கி மாட்டினான். கொஞ்ச நேரத்திலேயே கண்ணைச் சுருக்கினான். "கொஞ்சம் குத்துதோ?" என்றவன், அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "இல்ல, எனக்குப் பழக்கமில்லாம இருக்கும்" என்று இழுத்துக்கொண்டான். பிறகு, செய்யக்கூடாத காரியத்தைச் செய்தான். "மாமா, நீங்க பாருங்க" என்று நீட்டினான்.

ஃபோர்மேன் அதைப் பாட்டுக்காக மாட்டியதாகவே தெரியவில்லை. முதலில் பாட்டை நிறுத்தச் சொன்னார். கடைப்பெண்ணைப் பேசச் சொல்லி எவ்வளவு உள்ளே வருகிறது என்று பார்த்தார். காது மடலுக்குக் கீழே, எலும்பு முடிகிற இடத்தில் விரலை ஓட்டினார். வாயை அகலத் திறந்து மூடினார். மென்றார். தலையை இரு பக்கமும் சாய்த்தார்.

"பாட்டுக் கேக்கப் போறோமா, சாப்பிடப் போறோமா?" என்றார் பாம்புக்காதர்.

ஃபோர்மேன் சிரித்தார். மில்லில் எட்டு மணி நேரமும் காதுமூடி போட்டே ஆகவேண்டும், போடாவிட்டால் ஒரு நாள் சம்பளம் போச்சு, அதனால் இந்த மாதிரி கிண்ணத்தோடு தமக்குப் பாதி ஆயுள் பழக்கம் என்றார். தாடை அசைந்தால் மெத்தை விலகக்கூடாது. மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்கு இன்னும் கஷ்டம். கண்ணாடிக் காம்பு நுழைகிற இடத்தில் சந்து விழுந்துவிடும். "உங்க கண்ணாடிக் காம்பு வேற தடிமன், சம்பந்தி. இந்த மெத்தை விறைப்பா இருக்கு. அந்தச் சந்து வழியா கீழ் ஸ்தாயி எல்லாம் வெளிய ஓடிடும். ஒரு மணி நேரம் போட்டா நெத்திப் பொட்டுல வலிக்கும். அந்தக் கறுப்புதான் உங்க தலைக்கு உக்காரும்னு தோணுது."

சொன்னதில் ஓர் எழுத்துகூடத் தப்பில்லை. பொட்டில் இப்போதே வலித்துக்கொண்டிருந்தது. அதை அவர் எப்படிப் பார்த்துத் தெரிந்துகொண்டார் என்பதுதான் பாம்புக்காதருக்குப் பொறுக்கவில்லை.

"தொப்பி வாங்க வரலை சம்பந்தி. பாட்டைக் கேட்டுட்டுச் சொல்லுங்க."

கடைப்பெண் பாட்டை ஓடவிட்டாள். ஃபோர்மேன் தலையைக் குனிந்து கேட்டார். பாதியில் இடது கிண்ணத்தைக் கையால் அழுத்திக்கொண்டார். கழற்றியபோது முகத்தில் சின்னக் குழப்பம்.

"பாட்டு நல்லாருக்கு. பின்னால ஒண்ணு கீச்சுன்னு ஓடிட்டே இருக்கே, அதென்ன? சின்ன விசிறி மாதிரி. பேரிங் காஞ்சுபோய் எண்ணெய் கேக்குது. இடது பக்கம்."

பாம்புக்காதருக்கு அந்தப் பதிவு நாள் அப்படியே கண்முன் வந்து நின்றது. பாடகர் அறையில் காற்றுப்போக்கிக்கு ஒரு சின்ன விசிறி. இடது மூலையில். கீச்சிட்டுக்கொண்டிருந்தது. எண்ணெய் போட ஆளைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. நிறுத்தினால் அந்த அம்மாளுக்கு மூச்சு முட்டியது. அவளுக்கு வேறு ஊருக்கு வண்டி பிடிக்கவேண்டியிருந்தது. அப்படியே பதிவு செய்தார்கள். ஒலிநாடாப் பெட்டியின் மேல் அவர் தம் கையாலேயே சிவப்பு மையில் எழுதிவைத்தார், விசிறிச் சத்தம் இருக்கிறது என்று. இப்போது மூன்று ஹெட்ஃபோனில் கேட்டாரே, ஒன்றிலாவது அது எங்கே?

இருந்திருக்கிறது. அவருக்குக் கேட்கவில்லை.

"அப்பா, அப்படி ஏதாவது இருக்கா?" என்றான் மகன். அவன் பார்வை அப்பாவுக்கும் மாமாவுக்கும் நடுவில் நின்றது.

அறையில் நாலு பேர். உண்மை தெரிந்தவர் அவர் ஒருவர். இருக்கிறது என்று சொன்னால் மகன் மாமாவைப் பார்த்துச் சிரிப்பான், அந்த ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்பை. பாம்புக்காதர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"அப்படி ஒண்ணும் கிடையாது. என் பதிவு, எனக்குத் தெரியாதா?"

ஃபோர்மேன் ஹெட்ஃபோனைக் கடைப்பெண்ணிடம் திருப்பிக் கொடுத்தார். இன்னொருமுறை மாட்டிக்கூடப் பார்க்கவில்லை. "அப்ப எனக்குத்தான் காதுக்குள்ள ஏதோ இரையுது போல" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு மர நாற்காலியில் போய் உட்கார்ந்தார். மரக்கிண்ணத்தை வாங்கினார்கள். பத்து நாளுக்குள் பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம் என்று கடைப்பெண் சொன்னாள். சொல்லும்போது அவள் ஃபோர்மேனைத்தான் பார்த்தாள்.

முதல் மூன்று நாள் பாம்புக்காதருக்குக் கொண்டாட்டம்தான். அதை மறைப்பதற்கில்லை. மகன் சாயங்காலம் நேரே வீட்டுக்கு வந்தான். மாமா ஏன் ஸ்கூட்டரைத் தொடவில்லை என்று அம்மா கேட்டதற்கு, அவர் மனசு சரியில்லை என்றான். ஃபோர்மேன் வீட்டில் ஒவ்வொரு சாமான் பக்கத்திலும் போய் நின்று, உனக்குக் கேட்கிறதா, உனக்குக் கேட்கிறதா என்று சம்சாரத்தைக் கேட்கிறாராம். குளிர்பெட்டி ஓடுகிறதா, தம் தலைக்குள் ஓடுகிறதா என்று தெரியவில்லையாம். இதைக் கேட்டபோது பாம்புக்காதர் அனுதாபமாக 'த்சு' கொட்டினார். கொட்டிவிட்டு அறைக்குள் போய் மரக்கிண்ணத்தை மாட்டிக்கொண்டு அந்தப் பாட்டை இன்னும் கொஞ்சம் சத்தமாக வைத்தார். விசிறியைத் தேடினார். கிடைக்கவில்லை. இன்னும் கூட்டினார். பொட்டு விண்விண்ணென்று தெறித்தது. சந்து விழுந்த இடத்தைக் கையால் பொத்திக்கொண்டபோதுதான் கீழ் ஸ்தாயி வந்தது. அந்த ஆள் இதையும் சரியாகச் சொல்லியிருந்தார்.

வியாழக்கிழமை மருமகள் அவர் அறைக்கு வந்தாள். மாமனாருக்கு முன்னால் உட்காராதவள், அன்று நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். மில்லிலிருந்து புது ஃபோர்மேன் அப்பாவைத் தேடி வந்ததாகச் சொன்னாள். ஜெனரேட்டரில் ஏதோ தட்டுகிறது, வந்து காதைக் கொடுத்துப் பார்த்துச் சொல்லவேண்டும் என்று. வழக்கமாக வருகிறவர்கள்தான். அப்பா கதவருகிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டாராம்.

"என்ன சொன்னாராம்?"

"'என் காது சொல்றத இனிமே நம்பாதீங்க. என் சம்பந்தி பெரிய ஒலிப்பதிவாளர், அவங்களே இல்லைன்னு சொல்லிட்டாங்க. அவங்க வீட்டு வார்த்தை தப்பாது'ன்னு சொன்னாராம், மாமா." அவள் முந்தானையால் கண்ணைத் தொட்டுக்கொண்டாள். "சனிக்கிழமை காது டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறோம். நீங்க அவருக்கு ஒரு வார்த்தை தைரியம் சொன்னா நல்லாருக்கும்."

அவள் போன பிறகு பாம்புக்காதர் ஹெட்ஃபோனை எடுத்துப் பெட்டிக்குள் வைத்து மூடினார். சம்பந்தி துன்பப்படுகிறார் என்பது மட்டும் அவரைக் குத்தியிருந்தால் இன்னும் இரண்டு நாள் தாங்கியிருப்பார். ஆனால் தம் வீட்டு வார்த்தையை அந்த மனிதர் ஊரெல்லாம் கொண்டுபோய்ப் பொய்க்குச் சாட்சி வைத்துக்கொண்டிருந்தார், அதுவும் மரியாதையோடு. கம்பி இரைச்சலுக்கு ஒரு நாள் வேலையை அழித்தவரின் பெயர். பெண் கொடுத்த வீட்டு மனிதரின் பிழைப்புக் காதைப் பறித்துக்கொண்ட பெயர். சங்கத்துச் செயலாளர் செருப்போடு நின்றதெல்லாம் இதற்கு முன்னால் எம்மாத்திரம் என்று தோன்றியது.

சனிக்கிழமை யாரும் கூப்பிடாமலே போனார். வெள்ளைச் சட்டை, நேர் வகிடு. காத்திருக்கும் அறையில் ஃபோர்மேன் டோக்கனை மடித்து மடித்து நூல்போல ஆக்கியிருந்தார். இரு பக்கமும் மகளும் மருமகனும். சம்பந்தியைப் பார்த்ததும் எழுந்து நின்றார். பாம்புக்காதர் உட்காரச் சொல்லவில்லை. தாமும் உட்காரவில்லை. உட்கார்ந்தால் வாய் வராது என்று பயம்.

"சம்பந்தி, அந்த விசிறி இருக்கு. இடது மூலையில. நான்தான் பெட்டிமேல எழுதிவச்சேன். உங்க காதுல ஒரு குறையும் இல்ல. எனக்குத்தான் கேக்கல."

பக்கத்தில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த யாரோ ஒருவர்கூட நிறுத்திவிட்டார். மருமகள்தான் கேட்டாள். "அப்ப ஏன் மாமா அன்னிக்கு இல்லைன்னீங்க?"

உன் புருஷன் உன் அப்பாவோடு சிரிக்கிறான் என்பதை எப்படிச் சொல்வது? "சொல்ல மனசு வரல" என்றார். அவரைப் பொறுத்தவரை அது காலில் விழுந்ததற்குச் சமம்.

ஃபோர்மேன் உடனே தோளைத் தட்டிச் சமாதானம் சொல்லிவிடவில்லை. அவருக்கும் கோபம் வரும் என்பதைப் பாம்புக்காதர் அன்றுதான் பார்த்தார். "ஆறு நாளா நான் ஒரு மெஷின் பக்கம் போகல, சம்பந்தி. என் வீட்டுக் குளிர்பெட்டியையே சந்தேகப்பட்டேன். உங்க வார்த்தைக்கு அவ்வளவு மதிப்புக் கொடுத்தேன்" என்றார். பிறகு கசங்கிய டோக்கனைப் பிரித்து நீட்டினார். "பணம் கட்டியாச்சு. உள்ள நீங்க போங்க."

மறுக்க வழியில்லை. கண்ணாடி அறைக்குள் போனார். இத்தனை வருடம் அவர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து மற்றவர்களைப் பார்த்தவர். இன்று அவர் உள்ளே. சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தவேண்டும் என்றாள் பரிசோதிக்கிற பெண். அழுத்தினார். அழுத்தினார். அப்புறம் வெகுநேரம் அழுத்த எதுவுமே வரவில்லை. வெளியே அவள் கை மட்டும் அசைந்துகொண்டிருந்தது. சோதனைத் தாளில் கோடு பாதிவரை சமமாக வந்து, பிறகு உயர்ந்த சுருதிகள் இருக்கும் பக்கம் மாடிப்படிபோல இறங்கியிருந்தது. வருடக்கணக்காகச் சத்தத்திலேயே இருந்தீர்களா என்று டாக்டர் கேட்டார். காதை ஒருநாளும் மூடியதில்லை என்றார் பாம்புக்காதர். மூடினால் ஏதாவது தப்பிப்போய்விடும் என்று பயந்தே வாழ்ந்திருந்தார். ஜெனரேட்டர் பக்கத்தில் நின்றவரோ சம்பளம் பிடிப்பார்கள் என்று மூடி மூடிக் காப்பாற்றி வைத்திருந்தார். இதைவிட ஒரு வயிற்றெரிச்சல் உண்டா?

பத்தாவது நாள் ஹெட்ஃபோனை மாற்றப் போனார்கள். இந்தமுறை பாம்புக்காதரே சம்பந்தியைக் கூப்பிட்டார். கூப்பிட்ட தோரணையைப் பார்த்தால் சம்மன் அனுப்பியதுபோல இருந்தது. ஃபோர்மேன் வந்தார். மகன் ஒரு மர நாற்காலியில் ஒதுங்கிக்கொண்டான்.

கறுப்பு ஹெட்ஃபோனை எடுத்து ஃபோர்மேன் சம்பந்தியின் தலையில் தாமே வைத்தார். பட்டையை இரண்டு பல் இறக்கினார். கண்ணாடிக் காம்பைக் கொஞ்சம் மேலே தூக்கிவிட்டு மெத்தையை அதன்மேல் படியவைத்தார். வாயைத் திறந்து மூடச் சொன்னார். பாம்புக்காதர் கடைப்பெண்ணின் முன்னால் மென்றார். உலகம் அடைத்துக்கொண்டது. பொட்டில் ஒரு வலியும் இல்லை. கன கச்சிதமாக உட்கார்ந்துவிட்டதே என்று எரிச்சல் வந்தது.

பாட்டு ஓடியது. இன்னும் போர்வைக்குள்தான் பாடினாள், முன்பைவிடக் கொஞ்சம் கனமான, இதமான குரலில். பாதிப் போர்வை அவர் காதிலேயே இருக்கிறது என்று இப்போது தெரியும். கழற்றிச் சம்பந்தியிடம் கொடுத்தார்.

"நீங்க கேளுங்க. ஒண்ணு விடாமச் சொல்லுங்க."

ஃபோர்மேன் கண்ணை மூடிக்கொண்டு, ஏதோ ஓடுகிற இயந்திரத்தின்மேல் கைவைத்திருப்பவரைப்போலச் சொல்ல ஆரம்பித்தார். வில் திரும்பும் இடத்தில் சின்ன உரசல். குத்தல் இல்லை, ஆனால் எல்லாம் இருக்கிறது. அந்த அம்மாள் ஒரு பக்கமாகத் திரும்பிப் பாடுகிறாள்போல.

"மூணாவது அடிக்கு முன்னால மூச்சு இழுக்குறாங்க. அழுகையை அடக்கின மூச்சு மாதிரி இருக்கு. அதை நீங்க வெட்டாம விட்டுட்டீங்களா, சம்பந்தி, இல்ல வேணும்னு வச்சீங்களா?"

வேண்டுமென்று வைத்ததுதான். முதலாளி வெட்டச் சொன்னார். இவர் தெரியாமல் விட்டதுபோல நடித்து வைத்துவிட்டார். யாராவது ஒருவர் கேட்பார் என்று நினைத்தார். முப்பது வருடத்தில் ஒருவரும் கேட்கவில்லை. மகனுக்கு எத்தனை தடவை போட்டுக்காட்டியிருப்பார். அவனும் கேட்கவில்லை. கேட்டது இந்த ஆள்.

பாம்புக்காதர் சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்தார். சம்பந்தியை அதில் உட்காரும்படி கையைக் காட்டிவிட்டு, மகனுக்குப் பக்கத்து மர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். உள்ளே எரிந்துகொண்டுதான் இருந்தது.

"வேணும்னு வச்சதுதான்" என்றார். "மேல சொல்லுங்க. இன்னும் என்ன கேக்குது?"